பலகைத்தடப் பந்தயத் தோற்றத்தில் ஒரு மோட்டார் மிதிவண்டி: எந்த விசையை ஏற்றுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய இரும்பு சைக்கிள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு புதிய ஆசை தோன்றியிருக்கிறது. தாத்தா பால்வாளி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன ராலே சைக்கிளையோ, பழைய இரும்புக் கடையில் கிடைத்த குரூசர் சட்டத்தையோ எடுத்து, கைப்பிடியைத் தாழ வளைத்து, மேல் குழாய்க்கு அடியில் ஒடுக்கமான தகரத் தொட்டி ஒன்றைப் பொருத்தி, நூறாண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கப் பந்தய மோட்டார் சைக்கிளின் சாயலைக் கொண்டுவர வேண்டும் என்பதே அது. தோற்றத்தைப் பற்றி அநேகமாக யாருக்கும் குழப்பம் இல்லை. எந்த இஞ்சினை ஏற்றுவது, அல்லது இஞ்சினுக்குப் பதில் மின்மோட்டாரே போதுமா என்ற இடத்தில்தான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த ஒப்பீடு.

நாம் நகலெடுக்க விரும்பும் வண்டி எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வது தேர்வுக்கு உதவும். 1910இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே பிளாயா டெல் ரேயில், மரச்சட்டங்களை அடுக்கிச் சரிவாகக் கட்டிய வட்டப் பந்தயத் தடம் (பலகைத்தடம்) ஒன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜாக் பிரின்ஸ், அதற்கு முன்பு மிதிவண்டிப் பந்தயங்களுக்கு மரத்தடங்கள் அமைத்துப் பழகியவர். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இத்தகைய தடங்கள் அமெரிக்காவின் பல நகரங்களில் எழுந்தன. இந்தியன், ஹார்லி-டேவிட்சன், எக்செல்சியர், சைக்லோன் ஆகிய பெயர்களில் வந்த 1000 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் அவற்றில் ஓடின; 1920களின் தொடக்கத்தில் வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. அந்த வண்டிகளில் பிரேக் கிடையாது, கியர் கிடையாது, பலவற்றில் கிளட்சும் கிடையாது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துத்தான் கிளப்புவார்கள். வேகத்தைக் குறைக்க ஓட்டுநர் பற்றவைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்துவார். 1912 செப்டம்பர் 8ஆம் தேதி நியூவர்க் நகரத் தடத்தில் எடி ஹாஷாவின் வண்டி கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதியபோது அவரும், இன்னோர் ஓட்டுநரும், வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலரும் இறந்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நம் வேலைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தோற்றத்தை உண்டாக்குபவை பெரிய, மெல்லிய சக்கரங்கள், தாழ்ந்த கைப்பிடி, ஒடுங்கிய தொட்டி, பின்னால் தள்ளி வைத்த இருக்கை, சட்டத்தின் நடு இடைவெளியை நிறைத்து நிற்கும் ஓர் உலோகப் பொருள் ஆகியவையே. இஞ்சினின் ஆற்றலுக்கு அதில் பங்கில்லை. ஆகவே விசையைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வண்டி எங்கே ஓடும், யார் பழுது பார்ப்பார், எப்படி நிற்கும் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வண்டி ஓடும் இடம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குப் பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் வேண்டும். ஓட்டுபவரிடம் உரிமமும் இருக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில் பற்றவைத்த சட்டத்துக்கு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவு வாங்குவது சாதாரணக் குடும்பத்தால் ஆகிற காரியம் அன்று. 2021 டிசம்பரிலிருந்து மின் ஸ்கூட்டர் போன்ற நுண்வாகனங்கள் சிலவற்றுக்கும் சாலையில் தடை உள்ளது. மொபெட் வகையும் அந்தத் தடைக்குள் அடங்கும். 2017இல் ஜொகூர் பாருவில் 'லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் சென்ற எட்டுச் சிறுவர்கள் காரில் அடிபட்டு இறந்தது முதல், மாற்றியமைத்த சைக்கிள் என்றாலே காவல்துறையும் ஊராரும் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். எனவே இக்கட்டுரையில் பேசப்படும் வண்டிகளை நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு தோட்டத்து உட்சாலையில் ஓட்டுவதாகவோ, கண்காட்சியில் நிறுத்துவதாகவோ எண்ணிக்கொள்க. ஈப்போவுக்கோ கோல கங்சாருக்கோ செல்லும் நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்கவில்லை.

இரண்டாவது, நிறுத்தும் திறன். பழைய ராலேயின் கம்பி பிரேக், குரோம் பூசிய ரிம்மை ரப்பர் கட்டையால் அழுத்துவது. மழையில் நனைந்துவிட்டால் அது பெயரளவுக்குத்தான் வேலை செய்யும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், பிற்பகல் மழை விட்ட பிறகு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதை நம்பி இறங்கக் கூடாது. நான்கு தேர்வுகளில் எதை எடுத்தாலும் முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் ஒன்றை முதல் செலவாக ஒதுக்கிவிட வேண்டும். மிதிவண்டிக்கென்றே செய்யப்பட்ட 90 மில்லிமீட்டர் டிரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், துளை எண்ணிக்கை ஒத்துவருமானால், கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளின் முன் டிரம்மைத் தடித்த ஸ்போக்கில் கோத்துக்கொள்ளலாம். எடை கூடும், தோற்றமும் கொஞ்சம் தடிக்கும், ஆனால் வண்டி நிற்கும். மூலவண்டியில் பிரேக் இல்லை என்பதற்காக நகலிலும் வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள், அது ஓடிய தடத்தில் எதிரே டிராக்டர் வந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மற்றவை எளியவை: சிற்றூர்ப் பட்டறையில் பழுது பார்க்க முடிகிறதா, மழையையும் வெக்கையையும் தாங்குமா, சட்டத்தின் இடைவெளியில் பார்வைக்குப் பொருந்துமா, வாங்கிய பிறகு வெளியே தெரியாமல் எவ்வளவு செலவு வைக்கும்.

முதல் தேர்வு: சீனத்து இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) கிட்

இணையச் சந்தைகளில் '80 சிசி' என்று விற்கப்படும் இந்த இஞ்சினின் உண்மையான கொள்ளளவு 66 முதல் 69 சிசி வரைதான். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் குறுக்குப் பரப்பையும் 38 அல்லது 40 மில்லிமீட்டர் வீச்சையும் பெருக்கிப் பார்ப்பவருக்கு இது விளங்கிவிடும். விலையில் எல்லாவற்றையும்விடக் குறைவு. மிதிவண்டிச் சட்டத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதால் 28.6 மில்லிமீட்டர் குழாயில் நேரடியாக உட்காரும். ராலே போன்ற பழைய சட்டங்களின் குழாய் பெரும்பாலும் இந்த அளவே. தோற்றத்திலும் இதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். விசிறிக் குளிர்விப்பு இல்லாத, துடுப்புத் துடுப்பாக வெளியே தெரியும் ஒற்றைச் சிலிண்டர், சட்டத்தின் முக்கோணத்தில் முன்னோக்கிச் சாய்ந்து நிற்பது, பலகைத்தடங்களில் ஓடிய 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வகுப்பு வண்டிகளை நினைவூட்டும்.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இஞ்சினுக்குள் 4.1 மடங்கு குறைப்பு. வெளியே 10 பல்லுக்கு 44 பல். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 18 மடங்கு. 26 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 5000 சுற்றில், மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வரும். தோற்றத்துக்காக 28 அங்குலச் சக்கரம் போட்டால் அதே சுற்றுக்கு 37 கிலோமீட்டர் ஆகிவிடும். வேகம் கூடியதே என்று மகிழ வேண்டாம், அந்த அளவுக்கு மேடேறும் வலு குறைந்திருக்கும். மேடு பள்ளம் நிறைந்த தோட்டத்தில் பின்பல்லை 50ஆக மாற்றி 33 கிலோமீட்டர் அளவில் ஓடுவதே இஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் ஏற்றது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் மிகுதி. கிட்டோடு வரும் போல்ட்டுகளின் இரும்பு மட்டமானது. அதிர்வில் தளர்ந்து உதிரும். 8.8 தர போல்ட்டும், மரையைப் பிடித்துவைக்கும் பசையும் வாங்கிப் போட வேண்டும். பின்பல்லை ஸ்போக்குகளின் இருபுறமும் ரப்பர் வட்டு வைத்து இறுக்கும் முறை, 2 மில்லிமீட்டர் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக முறிக்கும், ஆகவே 2.6 மில்லிமீட்டர் ஸ்போக்கில் சக்கரத்தைப் புதிதாகக் கோப்பதும், பல்லை நேரே ஹப்பில் பிடிக்கும் வளையத்தை வாங்குவதும் தவிர்க்க முடியாதவை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது செயினை இறுக்கும் சிறு உருளை. அதன் பிடி தளர்ந்து சுழன்று சக்கரத்துக்குள் போனால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பிடியைச் சட்டத்தோடு பற்றவைத்துவிட வேண்டும். அல்லது உருளையே தேவைப்படாதபடி செயின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் கிட் வாங்கிய தொகைக்கு நிகராக இன்னொரு தொகை போகும்.

பழுது பார்ப்பதில் சிரமம் இல்லை. புல் வெட்டும் மெஷினைத் தாமே கழற்றிப் பூட்டுகிறவர்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. பெட்ரோலில் 2டி எண்ணெய் கலப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. புதிய இஞ்சினுக்கு முதலில் 20க்கு 1 என்றும், பழகிய பிறகு 25 முதல் 32க்கு 1 என்றும் கலக்கலாம். குறை, புகையும் இரைச்சலும். லயன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை; இரவு வேலை முடித்து உறங்குபவரின் சன்னலருகே இதைக் கிளப்பினால் அக்கம்பக்கத்தில் பகை வளரும்.

இரண்டாவது தேர்வு: சிறிய நான்கு வீச்சு இஞ்சின்

49 சிசி முதல் 79 சிசி வரையிலான, மையவிலக்கு கிளட்ச் பொருத்திய நான்கு வீச்சு இஞ்சின்கள் அமைதியானவை, எண்ணெய் கலக்கத் தேவையில்லாதவை, அதிர்வு குறைந்தவை. நாள்தோறும் ஓட்டப்போகிறவருக்கு இரட்டை வீச்சைவிட இதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பலகைத்தடத் தோற்றத்தோடு இது எளிதில் உடன்படாது. பெரும்பாலானவை தண்ணீர் பம்புக்கும் சிறு ஜெனரேட்டருக்கும் செய்யப்பட்டவை. தலைமேல் பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் இழுவைக் கயிற்றுக் கூடு, சுற்றிலும் தகர மூடி என்று சதுரப் பெட்டி போல இருக்கும். தொட்டியைக் கழற்றிவிட்டு, மேல் குழாய்க்கு அடியில் உள்ள ஒடுங்கிய தொட்டியிலிருந்து பெட்ரோலை இறக்கினால் பாதி அழகு திரும்பிவிடும். தொட்டி கார்புரேட்டருக்கு மேலேயே இருப்பதால் பம்பு வேண்டியதில்லை. தகர மூடியை மட்டும் கழற்றக் கூடாது, குளிர்காற்று சிலிண்டரைச் சுற்றி ஓடுவது அதனால்தான். சாய்த்து வைப்பதற்கும் எல்லை உண்டு. இவற்றில் பல, அடியில் கிடக்கும் எண்ணெயை வாரியடித்து உராய்வைத் தணிக்கும் முறையில் இயங்குபவை; 20 பாகைக்கு மேல் நிரந்தரமாகச் சாய்த்தால் எண்ணெய் எட்டாமல் தேயும்.

இதன் மறைவுச் செலவு அகலம். இஞ்சின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். சாதாரண மிதிகட்டை அதில் இடிக்கும். அகன்ற அச்சும் வளைந்த மிதிக்கரங்களும் தேடி வாங்க வேண்டும், அவை நம் ஊர் சைக்கிள் கடையில் கிடைப்பதில்லை. வேகம் போதவில்லை என்று சுற்றுக் கட்டுப்படுத்தியைக் கழற்றிவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. பம்பு இஞ்சினின் உள்ளுறுப்புகள் அந்தச் சுற்றுக்காக வார்க்கப்பட்டவை அல்ல. கனெக்டிங் ராடு உடைந்து உறையைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இடம், ஓட்டுபவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது.

மூன்றாவது தேர்வு: மின்மோட்டாரும் போலி இஞ்சினும்

பின்சக்கர ஹப்பிலேயே மோட்டார், சட்டத்தின் நடுவில் இரட்டைச் சிலிண்டர் இஞ்சினைப் போலச் செய்த அலுமினியக் கூடு, அந்தக் கூட்டுக்குள் பேட்டரி. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது ஏமாற்று வேலை என்றுதான் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் மற்ற எதையும்விட இதில்தான் தோற்றத்தை நம் விருப்பப்படி அமைக்க முடிகிறது. 1000 சிசி வி-வடிவ இஞ்சினை நிகர்த்த ஒன்றை மிதிவண்டிச் சட்டத்தில் காட்ட வேறு வழி இல்லை.

48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரி 720 வாட்-மணி ஆற்றலைத் தரும். மிதிக்காமல் கைவிசையிலேயே (த்ராட்டிலைத் திருகியே) ஓட்டினால் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வாட்-மணி செலவாகும் என்று கொண்டால், ஒரு தடவை மின்னேற்றினால் 36 முதல் 48 கிலோமீட்டர் வரை போகலாம். தோட்டத்தைச் சுற்றிவர இது தாராளம். ஓசை இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வாங்க வரிசை இல்லை. செங்குத்தான மேட்டில் மெதுவாக நெடுநேரம் ஏறினால் ஹப் மோட்டார் சூடேறும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அத்தகைய தோட்டமாக இருந்தால் மிதியச்சில் பொருத்தி, செயின் வழியாகக் கியரோடு இழுக்கும் மோட்டாரே பொருத்தம்.

பேட்டரிதான் இதன் பணப்பை. மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்கே போகும். சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு குறையும், அப்போது மறுபடியும் அதே தொகை வேண்டும். நம் வெக்கையில் இன்னொன்றும் உண்டு. கறுப்பு வர்ணம் பூசிய மூடிய கூட்டுக்குள் பேட்டரியை வைத்து வெயிலில் நிறுத்தினால் அது விரைவில் கெடும். கூட்டின் 'சிலிண்டர்' துடுப்புகளுக்கிடையே, மழைநீர் ஏறாதபடி கீழ்நோக்கித் திறந்த காற்றுத்துளைகள் வைத்து, கண்ட்ரோலரைப் பேட்டரியிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் பொருத்த வேண்டும். பழைய மடிக்கணினிச் செல்களைப் பொறுக்கிக் கட்டிய மலிவுப் பேட்டரியை எவர் தந்தாலும் வாங்காதீர்கள். மின்னேற்றுவதும் படுக்கையறையிலோ வெளியேறும் வழியிலோ கூடாது. லயன் வீட்டுப் பலகைச் சுவரை எண்ணினாலே காரணம் விளங்கும்.

சாலைச் சட்டத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: மின்சாரம் என்றால் சைக்கிள் கணக்குத்தானே என்று. மிதிக்கும்போது மட்டும் துணைநின்று, 25 கிலோமீட்டர் வேகத்தில் தானே விலகும் 250 வாட் வண்டியும், கைவிசையைத் திருகினால் ஓடும் 1000 வாட் வண்டியும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. கடைக்குப் போய்வரவும் பயன்படுத்த எண்ணினால் முதல் வகைக்குள் அடங்கியே கட்டுங்கள். அதற்கு முன் ஜேபிஜே முகப்பில் கேட்டுவிடுங்கள்.

நான்காவது தேர்வு: கப்சாய் இஞ்சின்

பழைய ஹோண்டா சி70 அல்லது இஎக்ஸ்5 இஞ்சினை ஏற்றலாமே என்று கேட்காதவர் இல்லை. உதிரிப்பாகம் எந்தக் கம்பத்திலும் (சிற்றூரிலும்) கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார்கள், ஆயுளும் நெடிது. இருந்தும் நான் இதை ஒதுக்குகிறேன். சிலிண்டர் படுக்கையாகக் கிடப்பதால் பலகைத்தடத் தோற்றம் அடியோடு போய்விடும். சுமார் 20 கிலோ எடையையும் அதன் இழுவிசையையும் மிதிவண்டியின் ஹப், ரிம், முன்கவை எதுவும் தாங்காது. எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிள் உறுப்புகளாக மாற்றினால் கையில் இருப்பது மிதிவண்டியே அன்று, கிராண் (உரிமைப் பத்திரம்) இல்லாத மோட்டார் சைக்கிள். இஞ்சின் எண் யாருடைய வண்டிக்கு உரியது என்ற கேள்வியும் பின்னாலேயே வரும்.

புல் வெட்டும் மெஷினின் இஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: அது 7000 சுற்றில் வலுக்காட்டும் இஞ்சின், அதை 35 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்க ஏறத்தாழ 25 மடங்கு குறைப்பு வேண்டும், அந்தக் குறைப்புப் பெட்டிக்கு ஆகும் செலவில் முதல் தேர்வையே வாங்கிவிடலாம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரட்டை வீச்சு கிட் | நான்கு வீச்சு | மின்மோட்டார் | கப்சாய் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |
| மறைவுச் செலவு | சக்கரம், போல்ட், செயின் பிடி | அகன்ற மிதியச்சு | மறு பேட்டரி | புதிய சட்டம், முழு உறுப்புகள் |
| தோற்றம் | மிகப் பொருத்தம் | உழைத்தால் பொருந்தும் | விரும்பியபடி | பொருந்தாது |
| ஊரில் பழுது | எளிது | எளிது | ஈப்போ போக வேண்டியிருக்கும் | மிக எளிது |
| ஓசை | அதிகம் | மிதம் | இல்லை | மிதம் |
| மழை, வெக்கை | தாங்கும் | தாங்கும் | கவனம் தேவை | தாங்கும் |

யாருக்கு எது

கையால் வேலை செய்து பழகியவர், மாதத்தில் ஓரிரு முறை மட்டும் ஓட்டப்போகிறவர், குறைந்த பணத்தில் உண்மையான இஞ்சின் ஓசையும் வேண்டும் என்பவர் இரட்டை வீச்சை எடுக்கலாம். சக்கரத்தையும் பிரேக்கையும் முதலில் முடித்துவிட்டு இஞ்சினைக் கடைசியாக வாங்குவது நல்லது, ஏனென்றால் இஞ்சின் கைக்கு வந்துவிட்டால் மற்றதற்குப் பொறுமை இருப்பதில்லை. தோட்டத்துக்குள் ஆட்டுக்கு வேலி பார்க்கவும் காய்கறிக் கொல்லைக்குப் போய்வரவும் நாள்தோறும் வேண்டுமென்றால் நான்கு வீச்சு. லயன் வீடுகளுக்கு நடுவில் குடியிருப்பவர், காட்சிக்கு வைக்கும் அளவுக்குத் தோற்றம் முக்கியம் என்பவர், ஒரே தவணையில் ஆயிரக்கணக்கான வெள்ளியை ஒதுக்க முடிந்தவர் மின்மோட்டாருக்குப் போகலாம்.

பதினாறு வயது நிரம்பாத மகனுக்காகக் கேட்கும் தந்தையரும், தாத்தாவின் ராலேயை அறுக்க மனம் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்தாவது வழி ஒன்று சொல்வேன். சட்டத்தில் கை வைக்காமல், கைப்பிடியையும் இருக்கையையும் மட்டும் மாற்றி, தகரத் தொட்டியும் மரத்தில் கடைந்த போலிச் சிலிண்டரும் பட்டையால் கட்டி, மிதித்தே ஓட்டுங்கள். பதிவு, காப்புறுதி, உரிமம் எதுவும் கேட்கப்படாது; பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றினால் போதும்; பின்னாளில் மகன் உரிமம் எடுத்து, தோட்ட நிர்வாகமும் அனுமதித்தால், அதே தொட்டியை வேறொரு வலுவான சட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.